62 வயது அப்பாவுடன் சிலி–பொலிவியா எல்லை மலைப்பகுதி: சான் பெத்ரோ பக்கமிருந்து ஏறலாமா, உயுனி பக்கமிருந்து இறங்கலாமா?

முத்துநகர்மகன்:

வணக்கம். ஏப்ரல் கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்கா போகலாம் என்று இருக்கிறேன். அப்பாவுக்கு 62 வயது. தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சில வருடம் முன்பு ஒரு பழைய பத்திரிகையில் பொலிவியாவின் உயுனி உப்புவெளிப் படத்தைப் பார்த்தார். 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெறும் உப்பு. "பாத்தி கட்டாம, தண்ணி பாய்ச்சாம இவ்வளவு உப்பா?" என்று கேட்டவர், அந்தப் பக்கத்தை மடித்து டைரிக்குள் வைத்திருக்கிறார். அம்மா போன பிறகு அவர் வாய்விட்டு ஆசைப்பட்டது இது ஒன்றுதான். எப்படியாவது காட்டிவிட வேண்டும்.

நான் போட்டிருக்கும் வழி இது. சிலியின் சந்தியாகோவில் இறங்கி, உள்நாட்டு விமானத்தில் கலாமா. அங்கிருந்து காரில் சான் பெத்ரோ தே அத்தகாமா. ஒரு இரவு தங்கி, மறுநாள் காலை ஜீப் டூரில் எல்லை தாண்டி, 3 நாளில் உயுனி. பிறகு லா பாஸ் போய் விமானம்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, ஒரு மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. சர்க்கரை இல்லை. தினமும் 5 கிலோமீட்டர் நடப்பார். இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மேகமலைவாசி:

போயிருக்கிறேன் சகோ, இதே வழியில், இதே திசையில். அதனால்தான் உடனே எழுதுகிறேன். இந்தத் திசை வேண்டாம்.

உயரத்தை நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். சான் பெத்ரோ 2,400 மீட்டர் அளவில், ஊட்டியை விடச் சற்று உயரம், அவ்வளவுதான். மூச்சு வாங்காது, பசிக்கும், நன்றாகத் தூக்கம் வரும். உடம்பு பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். மறுநாள் காலை 45 கிலோமீட்டர் தூரத்தில் ஈட்டோ காஹோன் எல்லைச் சாவடி. அது 4,480 மீட்டர். ஒரு மணி நேரத்துக்குள் 2,000 மீட்டர் ஏறிவிடுகிறோம். அதே நாளில் சோல் தே மஞ்ஞானா என்ற கொதிசேற்றுக் குழிகளுக்குப் போவார்கள், அது 4,850 மீட்டர். ராத்திரி தங்குவது லகூனா கொலரதா ஏரி பக்கம், 4,300 மீட்டர்.

பகலில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்க்கிற ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு. ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபோதுதான் கூட வந்த நண்பனுக்குத் தலைவலி ஆரம்பித்தது. 2 மணிக்கு வாந்தி, நிற்க முடியவில்லை. வெளியே உறைபனி, பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது, போனில் சிக்னல் இல்லை. வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது என்று டூர் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். சிலிண்டர் இருந்தது, உள்ளே காற்று இல்லை. ஓட்டுநர் நல்ல மனிதர், அந்த இருட்டிலேயே வண்டியை எடுத்து எங்களைத் திரும்ப எல்லைப் பக்கம் கொண்டுவந்து, சாவடி திறக்கும் வரை காத்திருந்து சான் பெத்ரோவுக்கு இறக்கிவிட்டார். கீழே வந்து 3 மணி நேரத்தில் நண்பன் இட்லி கிடைக்குமா என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டான். அவனுக்கு அப்போது 31 வயது, மாரத்தான் ஓடுகிறவன்.

நடைவண்டி:

பயமுறுத்த வேண்டாமே. நானும் சான் பெத்ரோவிலிருந்துதான் போனேன். எங்கள் ஜீப்பில் 6 பேர், ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. லேசான தலைவலி, அவ்வளவுதான். தண்ணீர் நிறையக் குடித்தால் போதும். வருடம் முழுவதும் எத்தனையோ பேர் இப்படித்தான் போகிறார்கள்.

வெள்ளையங்கி:

நான் மதுரையில் பொது மருத்துவர். லடாக் போகிறவர்கள் வந்து கேட்பதால் இந்த விஷயத்தைத் தொடர்ந்து படிக்கிறேன்.

நடைவண்டி தம்பி சொல்வது பொய்யில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தலைவலியோடு போய்விடும். ஆனால் யாருக்கு அதோடு நிற்காது என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. வயது, நடைப்பழக்கம், உடல் வலு எதுவும் காப்பு கிடையாது. மாரத்தான் ஓடுகிறவருக்கு வந்ததில் ஆச்சரியமே இல்லை.

காற்றில் ஆக்சிஜன் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். அழுத்தம்தான் குறைகிறது. 4,300 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம். இதற்கு உடம்பு பழகும், ஆனால் நாள் எடுக்கும். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, 3 அல்லது 4 நாளுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதை விட ராத்திரி எங்கே தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். நீங்கள் போட்டிருக்கும் வழியில் 2,400-லிருந்து ஒரே நாளில் 4,300-க்குத் தூங்கப் போகிறீர்கள். 62 வயதானவருக்கு மட்டுமில்லை, யாருக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

தண்ணீர் பற்றி ஒன்று. உடல் வறண்டால் தலைவலி கூடும், அதனால் குடிக்க வேண்டும். ஆனால் தண்ணீர் இந்த உயர நோயைத் தடுக்காது.

அசெட்டசோலமைடு மாத்திரை பயன்படும். தடுப்புக்குப் பொதுவாக 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனி மதமதவென்று இருக்கும், சோடா கலந்த பானம் குடித்தால் சுவை கெட்டிருக்கும், சிறுநீர் அதிகம் போகும். இவை எதிர்பார்க்கும் விளைவுகள்தான். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை அட்டையைப் பாருங்கள். நீர் பிரிக்கும் மருந்து கலந்த கூட்டு மாத்திரையாக இருந்தால் இரண்டையும் சேர்ப்பது பற்றி அவரைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் இங்கே எழுதுவதை வைத்து வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை இருந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். தரையில் ஒரு கோடு போட்டுக் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்து இருமல் வந்தால் நுரையீரல். இரண்டுக்கும் ஒரே முதல் வைத்தியம் இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மேகமலைவாசியின் ஓட்டுநர் செய்தது மிகச் சரி.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். 4,300 மீட்டரில் 85 காட்டினால் அலற வேண்டாம், அங்கே அது இயல்பு. எண்ணை விட ஆள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

முத்துநகர்மகன்:

டாக்டர் ஐயா, மேகமலைவாசி அண்ணா, இருவருக்கும் நன்றி. மேலே எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அப்போ மெதுவா ஏறுற வழி இருக்கான்னு கேளு" என்றார். இருக்கிறதா?

கழுகுமலையான்:

இருக்கிறது. அதுதான் அழகான வழியும்கூட. அர்ஜென்டினா பக்கமிருந்து ஏறுங்கள்.

புவனோஸ் அயர்ஸிலிருந்து சால்தா நகரம், 1,200 மீட்டர் அளவில். அங்கே 2 இரவு. அப்புறம் பஸ்ஸில் ஹுஹுய் மாகாணத்துக்குள் உமவாக்கா பள்ளத்தாக்கு. 2003-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பத்தாயிரம் வருடமாக மனிதர்கள் போய்வந்த பாதை, இன்காக்களின் சாலையும் இதன் வழியாகத்தான் போனது. முதலில் வருவது புர்மாமார்க்கா, 2,300 மீட்டர். ஊருக்குப் பின்னால் ஏழு நிற மலை. காலை வெயில் நேராக மலைமேல் விழும்போது பாருங்கள், சாயங்காலம் நிறம் செத்துவிடும். அடுத்தது தில்காரா, 2,465 மீட்டர். அங்கே 2 இரவு தங்குங்கள். ஊருக்கு மேலே இன்காக்களுக்கும் முந்தைய கோட்டைக் குடியிருப்பு இருக்கிறது, அப்பாவால் மெதுவாக நடந்து பார்க்க முடியும். அதற்கு மேலே உமவாக்கா ஊர், 3,000 மீட்டர் அளவில்.

அப்புறம் எல்லை. அர்ஜென்டினா பக்கம் லா கியாக்கா, பொலிவியா பக்கம் வில்யாசோன், நடுவில் ஒரு சின்ன ஆறு. பாலத்தில் நடந்தே தாண்டலாம். 3,440 மீட்டர். தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள், பஸ் நேரத்தில் குழப்பம் வரும். அங்கே தங்காமல் பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் துபீசா. இது 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே, இறங்கித் தூங்குகிறீர்கள், உடம்புக்கு நல்லது. செம்மண் மலைகள், செங்குத்தான பாறைச் சுவர்கள். இங்கேயும் 2 இரவு.

பிறகு உயுனி ஊர், 3,700 மீட்டர் அளவு. 2 இரவு. முதல் நாள் எதுவும் செய்யாமல் ஓய்வு. மூன்றாம் நாள் காலை 3 நாள் டூரை உயுனியிலிருந்து தொடங்குங்கள். முதல் இரவு உப்புவெளி ஓரத்தில் அதே உயரம். இரண்டாம் இரவு மட்டும்தான் 4,300. அதற்குள் உடம்பு 10 நாளாக ஏறிப் பழகியிருக்கும். மூன்றாம் நாள் விடியலில் கொதிசேற்றுக் குழிகள், பிறகு எல்லை, மதியத்துக்குள் சான் பெத்ரோவில் 2,400-க்கு இறங்கிவிடுவீர்கள். நீங்கள் முதல் நாள் அனுபவிக்க இருந்த ஏற்றம் கடைசி நாள் இறக்கமாகிவிடுகிறது. பாதை அதேதான், திசைதான் மாறுகிறது.

துபீசாவிலிருந்தே 4 நாள் டூர் உண்டு. அதில் முதல் இரவே 4,200-க்குப் போய்விடுவார்கள். அப்பாவுக்கு வேண்டாம்.

அந்தீஸ் அக்கா:

நான் 9 வருடமாகச் சந்தியாகோவில் இருக்கிறேன். காகித வேலையைப் பற்றி நான் சொல்கிறேன், இதில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மூன்று நாட்டு விதிகளும் தனித்தனி, அடிக்கடி மாறும். யாரோ போன வருடம் போனார்கள் என்று நம்பாமல் மூன்று தூதரகத்திலும் கேளுங்கள். பொலிவியா விசாவை எல்லையில் வாங்கிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கையிலேயே வாங்கி வாருங்கள். ஈட்டோ காஹோன் ஒரு பாலைவனச் சாவடி. அங்கே திருப்பி அனுப்பினால் நிற்க நிழல் கிடையாது. ஒரு நாட்டுக்குள் போய், வெளியேறி, மறுபடி அதற்குள் நுழையும் திட்டம் இருந்தால் ஒற்றை நுழைவு விசா உதவாது. கழுகுமலையான் சொன்ன வழியில் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் ஒரே முறைதான் நுழைகிறீர்கள், அதுவும் ஒரு வசதி.

ஒவ்வொரு எல்லையிலும் முதல் நாட்டின் வெளியேறும் முத்திரை, அடுத்த நாட்டின் நுழையும் முத்திரை, இரண்டும் விழுந்ததா என்று அங்கேயே பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். வில்யாசோனில் ஊர்க்காரர்கள் சர்வசாதாரணமாகப் போய்வருவார்கள். அவர்கள் பின்னாலேயே நடந்தால் முத்திரை இல்லாமல் அடுத்த நாட்டில் நிற்பீர்கள்.

சிலிக்குள் நுழையும்போது விவசாயத் துறைச் சோதனை கடுமை. பழம், விதை, பருப்பு, தேன், பால் பொருள், இறைச்சி எதுவும் கூடாது. பையின் அடியில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்குக்கூட அபராதம் விழும். பொடி, முறுக்கு, ஊறுகாய் வைத்திருந்தால் படிவத்தில் "ஆம்" என்று குறியுங்கள். குறித்தால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள். "இல்லை" என்று குறித்துவிட்டுப் பிடிபட்டால்தான் சிக்கல். மலைக்காரர்கள் மெல்லும் கோக்கா இலையும் இதில் சேரும். எல்லைக்கு முன்பே கீழே போட்டுவிடுங்கள்.

பனி விழுந்தால் எல்லை மூடிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இது நடக்கும். கடைசியில் ஒன்றிரண்டு நாள் கையிருப்பு வையுங்கள்.

நடைவண்டி:

கோக்கா இலைதான் இந்த உயரத்துக்கு நாட்டு மருந்து. அதை ஏன் யாரும் சொல்லவில்லை? டீயாகவும் குடிக்கலாம், கன்னத்தில் அடக்கியும் வைக்கலாம். எனக்கு நன்றாகவே இருந்தது.

வெள்ளையங்கி:

ஒரு நல்ல டீ போல உடம்புக்குச் சற்றுத் தெம்பு தரும். உயர நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆய்வு ஆதாரம் இல்லை. குடித்தால் தவறில்லை. அதை நம்பி ஏறுவதுதான் தவறு. ரத்த அழுத்தம் உள்ளவர் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கழுகுமலையான்:

இதில் சட்டமும் இருக்கிறது. பொலிவியாவின் 2009 அரசியல் சட்டம் கோக்கா இலையைத் தங்கள் பண்பாட்டுச் சொத்து என்று பாதுகாக்கிறது. அர்ஜென்டினாவில் 1989 சட்டப்படி இலையை மெல்லலாம். ஹுஹுய் சந்தைகளில் பச்சைப் பையில் போட்டு விற்பார்கள். ஆனால் இந்தியாவில் 1985 போதைப்பொருள் சட்டத்தில் கோக்கா இலை நேரடியாகவே இருக்கிறது. நினைவுக்கு என்று ஒரு டீப்பொட்டலம்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சிங்கப்பூர், துபாய் வழியாக வருகிறவர்கள் இன்னும் கவனம்.

அங்குள்ளவர்களுக்கு அது வெறும் இலை இல்லை. நீங்கள் ஏறும் கணவாய் உச்சிகளில் கல் குவித்து வைத்திருப்பார்கள், அப்பச்சேத்தா என்று பெயர். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பாச்சமாமா என்ற பூமித்தாய்க்கு மூன்று இலையோ ஒரு வாய் பானமோ மண்ணில் விடுவார். அந்த நேரத்தில் கேமராவைத் தூக்காமல் கூட நில்லுங்கள். நம் ஊர் எல்லைச்சாமியைக் கடக்கும்போது லாரிக்காரர் நிறுத்துவது போலத்தான்.

பறவைப்பித்தன்:

இவ்வளவு நேரமாக யாரும் பூநாரையைப் பற்றிப் பேசவில்லை! தூத்துக்குடி உப்பளத்திலேயே வாழ்ந்தவர் என்றால் அப்பா நம் பூநாரைகளைப் பார்த்திருப்பார். உலகில் பூநாரை மொத்தமே 6 இனம். அதில் 3 இனம் லகூனா கொலரதாவில் ஒன்றாக நிற்கும்.

காலைப் பாருங்கள், பிரித்துவிடலாம். ஆந்தீஸ் பூநாரைக்கு மஞ்சள் கால். சிலி பூநாரைக்குச் சாம்பல் கால், மூட்டு மட்டும் இளஞ்சிவப்பு. ஜேம்ஸ் பூநாரைக்குச் செங்கல் சிவப்புக் கால், அலகு பளிச்சென்ற மஞ்சள், நுனியில் கறுப்பு. இந்த ஜேம்ஸ் இனம் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள், 1950களில் இந்தப் பகுதியில்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். ஏரியின் சிவப்பு அதிலுள்ள பாசி நுண்ணுயிர்களால் வருவது. வெயிலும் காற்றும் ஏற ஏற நிறம் கூடும், அதனால் மதியத்துக்கு மேல் போவது நல்லது. 1990-லிருந்து அது ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச ஒப்பந்தப்படி பாதுகாக்க வேண்டிய இடம். கரையில் போட்டிருக்கும் கல் வரிசையைத் தாண்டி இறங்காதீர்கள். ஒரு படத்துக்காக நாம் விரட்டினால், அந்தக் குளிரில் அது சேர்த்துவைத்த தெம்பு வீணாகப் போகிறது.

பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். வேண்டுமானால் என்னுடையதைக் கொரியரில் அனுப்புகிறேன், வந்து திருப்பிக் கொடுங்கள்.

அந்தீஸ் அக்கா:

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். லகூனா கொலரதா இருக்கும் இயற்கைக் காப்பகத்தின் பெயர் எதுவார்தோ அபரோவா. அது ஒரு பொலிவிய வீரரின் பெயர். 1879 மார்ச் 23 அன்று, கலாமா பக்கம் தொப்பாதேர் பாலத்தில் சிலிப் படையை எதிர்த்து நின்று செத்தவர். அதாவது நீங்கள் இன்று விமானத்தில் இறங்கும் கலாமா அப்போது பொலிவியாவுடையது. அந்தப் போரில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. இன்றும் ஒவ்வொரு மார்ச் 23-உம் அங்கே கடல் நாள். 2018-இல் சர்வதேச நீதிமன்றம், பொலிவியாவுக்குக் கடல்வழி தருவது பற்றிப் பேச்சுவார்த்தை நடத்தும் சட்டக் கடமை சிலிக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. சிலியில் வாழ்கிறவளாக நான் சொல்கிறேன், பொலிவிய ஓட்டுநரிடம் இதை விளையாட்டாகப் பேசாதீர்கள். அவர்களுக்கு அது ஆறாத புண்.

1970களில் சிலி ராணுவம் இந்த எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைத்திருந்தது. 2020-இல் எடுத்து முடித்துவிட்டதாக அறிவித்தார்கள். இருந்தாலும் எல்லைப் பக்கம் வண்டித்தடத்தை விட்டு விலகி நடக்க வேண்டாம்.

மேகமலைவாசி:

வண்டி பற்றி. ஒரு ஜீப்பில் ஓட்டுநர் தவிர 6 பேர். முன் இருக்கையை அப்பாவுக்கு என்று பேசிப் பணம் கட்டுங்கள். சீட் பெல்ட் எல்லா இருக்கையிலும் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓட்டுநரிடம் மது வாடை இருந்தால் ஏறாதீர்கள். பணம் போனாலும் பரவாயில்லை. அந்தப் பகுதியில் உயிர்போன விபத்துகள் நடந்திருக்கின்றன.

காப்பகக் கட்டணமும் மற்றதும் பொலிவியானோ ரொக்கத்தில்தான். வெளிநாட்டினருக்கு நீண்ட நாளாக 150 பொலிவியானோ, கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். மடிப்பு, கிழிசல் இல்லாத டாலர் நோட்டு கொண்டுபோங்கள், அழுக்கு நோட்டை வாங்க மாட்டார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்கும், முன்பே சொல்ல வேண்டும். கினோவா என்ற தானியத்தில் சூப், உருளைக்கிழங்கு, சோறு, முட்டை. 4,300 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சோறு கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். சூனியோ என்று கறுப்பாக ஒரு கிழங்கு தருவார்கள். ராத்திரிப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்து, வெயிலில் காயவைத்த உருளை. வருடக்கணக்கில் கெடாது. எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளையங்கி:

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையும் சொல்லிவிடுகிறேன். அந்த உயரத்தில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் பொலிவியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். 60 வயது தாண்டியவர்களுக்கு முதல்முறை போடும்போது அரிதான கடுமையான பக்கவிளைவு சற்றுக் கூடுதல். அப்பாவை ஒரு டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும், கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள்.

முத்துநகர்மகன்:

முடிவு செய்துவிட்டோம். சால்தா வழியாக ஏறி, சான் பெத்ரோவுக்கு இறங்குகிறோம். ஒரு வாரம் கூடுதலாகிறது, செலவும் கூடுகிறது. அப்பா தன் சேமிப்பிலிருந்து ஒரு பங்கு போட்டார். தடுப்பூசி போட்டாயிற்று, ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை அட்டையில் டாக்டர் ஐயா சொன்னது போலவே நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருந்தது. எங்கள் டாக்டர் ஒரு மாதம் முன்பே வேறு மாற்றிக் கொடுத்துவிட்டார். பறவைப்பித்தன் அண்ணாவின் பைனாகுலர் வந்து சேர்ந்தது.

(5 வாரம் கழித்து)

முத்துநகர்மகன்:

திரும்பி வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை, விவரமாக எழுதுகிறேன்.

துபீசா வரை அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தில்காராவில் கோட்டை வரை ஏறினார். உயுனியில் முதல் ராத்திரி எனக்குத்தான் தலைவலி, அவருக்கில்லை. மறுநாள் அறையிலேயே இருந்தோம். ஆக்சிமீட்டரில் அப்பாவுக்கு 88, எனக்கு 86. ஊதா மக்காச்சோளத்தில் காய்ச்சிய ஆப்பி என்ற சூடான பானம் சந்தையில் கிடைக்கிறது. நம் கூழ் போலக் கெட்டியாக, பட்டை கிராம்பு மணத்தோடு. அப்பா தினம் இரண்டு தம்ளர்.

டூரின் முதல் நாள் கொல்ச்சானி. உப்புவெளி ஓரத்தில் உப்பெடுக்கும் ஊர். தரையிலிருந்து உப்பைச் சுரண்டி, இடுப்புயரக் கூம்புகளாக வரிசையாகக் குவித்திருந்தார்கள். மற்றவர்கள் படம் எடுக்கப் போய்விட்டார்கள். அப்பா ஒரு கூம்பின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அடியைத் தொட்டுப் பார்த்தார். "ஈரம் வடியத்தான் இப்படிக் கூம்பா போட்டிருக்கான். நம்ம அம்பாரம் மாதிரியே" என்றார். அங்கே மண்வெட்டியோடு நின்ற பெரியவரிடம், தமிழில்தான், வாரும் பலகை எப்படி இருக்கும் என்று கையால் காட்டினார். அவர் புரிந்துகொண்டு மண்வெட்டியை அப்பா கையில் கொடுத்தார். அப்பா ஐந்தாறு தள்ளு தள்ளினார். 3,650 மீட்டரில் அது சாதாரண வேலையில்லை, மூச்சு வாங்கியது, நிறுத்திக்கொண்டார். அந்தப் பெரியவர் அப்பாவின் பாதத்தைக் காட்டித் தன் ரப்பர் பூட்ஸைக் காட்டினார். அப்பா செருப்பைக் கழற்றிக் குதிகாலில் இருக்கும் பழைய உப்பு வெடிப்புகளைக் காட்டினார். கணக்கராவதற்கு முன் 4 வருடம் அவர் பாத்தியில் இறங்கி வேலை செய்தவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மழைக்காலக் கண்ணாடிக் காட்சி எங்களுக்குக் கிடைக்கவில்லை, மே மாதத்தில் தரை காய்ந்து அறுகோண வரப்புகளாக இருந்தது. அதனால்தான் நடுவிலுள்ள இன்காவாசி தீவு வரை வண்டி போக முடிந்தது, டிசம்பரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் போக முடியாதாம். தீவு முழுக்க ஆளை விட உயரமான கள்ளிகள்.

லகூனா கொலரதாவுக்கு மதியம் 3 மணிக்குப் போனோம். காற்று ஆளைத் தள்ளியது. மூன்று இனத்தையும் பிரித்துவிட்டோம். செங்கல் காலை முதலில் கண்டுபிடித்தது அப்பாதான். அன்று ராத்திரி 4,300-இல் அவருக்கு லேசான தலைவலி. கோடு போட்டு நடக்கச் சொன்னேன், நேராக நடந்தார். தூக்கத்தில் அவர் மூச்சு நடுநடுவே நின்று நின்று வந்தது. அந்த உயரத்தில் அது வரும் என்று எங்கள் டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. ஆனாலும் நான் தூங்கவில்லை. காலை 5 மணிக்குக் கிளம்பி கொதிசேற்றுக் குழிகள், அங்கே 10 நிமிடம் மட்டும், நானே அவரை வண்டியில் ஏற்றிவிட்டேன். பிறகு போல்கேஸ் வெந்நீர்ச் சுனை. வெளியே உறைபனி, கழுத்து வரை வெந்நீரில் அப்பா அரை மணி நேரம்.

எல்லைக்கு முன்னால் லிகான்காபூர் எரிமலை, 5,900 மீட்டருக்கு மேல், அடியில் லகூனா வெர்தே ஏரி. உச்சிப் பள்ளத்தில் ஒரு ஏரியும் இன்காக்கள் கட்டிய சுவர்களும் இருக்கின்றன என்று ஓட்டுநர் சொன்னார். அங்கிருந்து எல்லை, முத்திரை, பஸ். கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது, தலைவலி எங்கே போனதென்றே தெரியவில்லை. சான் பெத்ரோ பஸ் நிறுத்தத்தில் அன்று காலை ஏறக் காத்திருந்தவர்களில் அப்பா வயதுக்காரர்களும் இருந்தார்கள். அப்பா அவர்களிடம் போய்க் கையால் மலை வரைந்து "மெதுவா, மெதுவா" என்றார்.

மலர்விழி84:

இழையை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். அக்டோபரில் அம்மாவோடு போக இருக்கிறேன். ஒரே கேள்வி அண்ணா, கொல்ச்சானியில் உப்பு வாங்கலாமா? சிலி எல்லையில் பிடுங்கிவிடுவார்களா?

முத்துநகர்மகன்:

வாங்கலாம் தங்கச்சி. அப்பா அரைக் கிலோ பொட்டலம் ஒன்று வாங்கினார். சிலிப் படிவத்தில் "ஆம்" என்று குறித்து, எடுத்து மேசைமேல் வைத்தோம். அதிகாரி பிரித்துப் பார்த்து, ஒரு கல்லை விரலில் நசுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இப்போது சமையலறையில் நம் ஊர் உப்பு ஒரு ஜாடி, அது ஒரு ஜாடி. அப்பா அதைத் தயிர்சாதத்துக்கு மட்டும்தான் போட விடுகிறார்.

அம்மாவுக்கு என்ன வயது, எந்த வழியாக ஏறுகிறீர்கள்? தங்கும் ஊர்களை இரவு வாரியாக எழுதுங்கள், டாக்டர் ஐயாவும் பார்க்கட்டும்.